கல்லு மாதிரி இருக்கும் கிவியைப் பழுக்க வைப்பது எப்படி? பாதி வெம்பிப் போகிறது

தேன்சிட்டு (கேள்வி)

வணக்கம். 12 கிவி கொண்ட பெட்டி ஒன்று வாங்கி, அன்றைக்கே அத்தனையையும் ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. இரண்டு வாரம் கழித்தும் கல்லாகவே இருக்கின்றன. நாலு பழத்தை மட்டும் வெளியே எடுத்து ஒரு வாரம் வைத்துப் பார்த்ததில், இரண்டு தோல் சுருங்கி, அறுத்தால் வெறும் புளிப்பு. ஒன்று மேலே மெத்தென்று இருக்கிறது, நடுவில் உள்ள வெள்ளைத் தண்டு மட்டும் கட்டை. இன்னொன்றில் காம்பு இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை. மீதி எட்டு இன்னும் ஃபிரிட்ஜில்தான்.

தெரிந்துகொள்ள வேண்டியது இவைதான்: கடையில் எதைப் பார்த்து எடுப்பது? வீட்டில் எப்படிப் பழுக்க வைப்பது? மலச்சிக்கலுக்கு நல்லது என்கிறார்களே, நாளுக்கு எத்தனை சாப்பிட வேண்டும்? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவருக்குக் கொடுக்கலாமா? கடைசியாக, கிவி போட்டு அடித்த மில்க்‌ஷேக் அரை மணி நேரத்தில் கசந்து போகிறது, பால் கெட்டதாகவும் தெரியவில்லை. அது ஏன்?

---

கனிக்கூடை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். கிவி காயாகப் பறித்து, பிறகு பழுக்க வைக்கும் ரகம். கொடியிலேயே பழுக்க விட்டால் எல்லாம் ஒரே சமயத்தில் பழுக்காது, பெட்டியில் அடுக்கி அனுப்பவும் முடியாது. அதனால் விதை கறுத்து, சாற்றில் சர்க்கரை ஒரு அளவை எட்டியதும் கல்லாக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். நியூசிலாந்தில் ஹேவர்ட் என்ற பச்சை ரகத்துக்கு அந்தக் குறைந்தபட்ச அளவு 6.2 பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பை அளக்கும் அலகு). அந்த நிலையில் காய்க்குள் நிறைய மாவுச்சத்து இருக்கும். அது சர்க்கரையாக மாறி 12, 14 பிரிக்ஸ் வரை ஏறினால்தான் நாம் சாப்பிடும் இனிப்பு வரும்.

இந்த மாற்றத்தைக் கிளப்பிவிடுவது எத்திலீன் வாயு. வாழையும் ஆப்பிளும் பழுக்கும்போது இந்த வாயுவைத் தாராளமாக வெளியிடும். கிவியின் விசித்திரம் என்னவென்றால், நன்றாக இளகும் வரை தானாக எத்திலீன் விடுவது ரொம்பக் குறைவு. ஆனால் வெளியிலிருந்து துளி வந்தாலும் உடனே இளகத் தொடங்கிவிடும். குளிர்கிடங்குகளில் கோடியில் ஒரு பங்கு எத்திலீன் கலந்தால்கூட காய் இளகும் என்று, ஆப்பிளை அந்த அறைப் பக்கமே விடமாட்டார்கள். உங்கள் டப்பாவில் குளிர் இருந்தது, எத்திலீன் இல்லை. இரண்டு வாரம் என்ன, இரண்டு மாதம் ஆனாலும் அப்படித்தான் இருக்கும். நன்றாக முற்றிய ஹேவர்ட் காயை 0 டிகிரியிலும் 90–95 சதவீத ஈரப்பதத்திலும் வைத்துக் கிடங்கில் 4 முதல் 6 மாதம் காப்பாற்றுகிறார்கள்.

இனி உங்கள் நாலு பழம்.

சுருங்கிப் புளித்த இரண்டும் வெம்பல். முற்றாமல் பறித்தவை. உள்ளே மாற வேண்டிய மாவுச்சத்தே போதுமான அளவு இல்லாததால் எத்தனை நாள் வைத்தாலும் தண்ணீர் வற்றுமே தவிர இனிப்பு ஏறாது. அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மேலே மெத்தென்றும் நடுவில் கட்டையாகவும் இருந்ததற்குக் காரணம் வேறு. சதை இளகிய வேகத்துக்கு நடுத்தண்டு இளகவில்லை. கரியமில வாயு அதிகமாகச் சேர்ந்த இடத்தில் எத்திலீனும் பட்ட பழங்களில் இது வரும். தண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம்.

காம்புப் பக்கத்துப் பூஞ்சை பறிக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருவது. காம்பு ஒடிந்த வடு ஆறாத புண் மாதிரி, பூஞ்சை அதன் வழியாகத்தான் உள்ளே போகும். அந்தப் பழத்தோடு முடிந்தால் பரவாயில்லை. பூஞ்சை பிடித்த பழம் தானே எத்திலீன் விடத் தொடங்கி, பக்கத்தில் இருப்பவற்றையும் இளக்கிவிடும். அதனால் வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து ஒவ்வொரு பழத்தின் காம்புப் பக்கத்தையும் பாருங்கள். ஒன்று கெட்டிருந்தாலும் அதை அப்புறப்படுத்தி, பக்கத்துப் பழங்களைத் துடைத்துக் காய வைத்து வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள்.

பழுக்க வைக்கும் முறை: நாலு கிவிக்கு நன்றாகப் பழுத்த ஒரு ஆப்பிள் அல்லது ஒரு வாழைப்பழம். எல்லாவற்றையும் காகிதப் பையில் போட்டு வாயை இரண்டு மடிப்பு மடித்து, 18 முதல் 22 டிகிரி இருக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து தினமும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 2 அல்லது 3 நாளில் தயாராகும். ஆப்பிள் இல்லாமல் வெறுமனே வெளியே வைத்தால் 4, 5 நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பழம் விடும் ஈரம் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு பூஞ்சைக்கு வழி விடும். மூச்சு முட்டிய பழத்தில் சாராய வாடையும் ஏறும். இன்னொரு தவறு, சீக்கிரம் பழுக்கட்டும் என்று அடுப்புப் பக்கம், ஜன்னல் வெயிலில் வைப்பது. 30 டிகிரிக்கு மேல் போனால் பழத்தின் எத்திலீன் உற்பத்தி குறைந்து, பழுப்பது தாறுமாறாகிவிடும்.

தயாரான உடனே ஆப்பிளைப் பிரித்துவிட்டுப் பழத்தை ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு 5 முதல் 7 நாள் தாங்கும்.

---

பழமுதிர்

எடுப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன், பழுக்க வைப்பதை மேலே சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

பச்சைக் கிவியில் தோல் நிறத்தை நம்பாதீங்க. காயும் அதே காப்பி நிறம், பழமும் அதே நிறம். கையால் பார்ப்பதுதான் வழி. பழத்தை உள்ளங்கையில் வைத்து, நகம் படாமல் கட்டைவிரலின் சதைப்பகுதியால் பக்கவாட்டில் லேசா அழுத்துங்க. நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தால் காய். மூக்கு நுனி மாதிரி கொடுத்து மீண்டால் இன்றைக்கே சாப்பிடலாம். கன்னம் மாதிரி அமுங்கினால் கனிந்து தாண்டிப் போச்சு, வாங்காதீங்க. பழம் முழுக்க ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் பள்ளமா அமுங்கினால் அது கனிவு இல்லை, அடிபட்டது. அந்த இடம் உள்ளே கண்ணாடி மாதிரி ஈரமா, கரும்பச்சையா இருக்கும்.

அடுத்து காம்புப் பக்கம். பழத்தைத் திருப்பி அந்த வட்ட வடுவைப் பாருங்க. உலர்ந்து, கெட்டியா இருக்கணும். ஈரக் கசிவு, கறுத்த வளையம், வெள்ளை அல்லது சாம்பல் பஞ்சு இருந்தால் தள்ளி வைங்க. பிறகு மூக்கருகே கொண்டு போங்க. நல்ல பழத்தில் மெல்லிய புளிப்பு கலந்த வாசனை வரும், காயில் ஒன்றுமே வராது. மதுவாடை வந்தால் கெட்டது.

தோல் சுருக்கம் கட்டாயம் பார்க்கணும். காம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகளாகத்தான் சுருக்கம் முதலில் தெரியும். சுருங்கியும் கல்லாக இருக்கும் பழத்தை வாங்கவே கூடாது, வெம்பல் என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம்.

பயப்பட வேண்டாத விஷயங்களும் இருக்கு. இலை உரசிய காய்ந்த தழும்பு, சப்பையான வடிவம், இரண்டு பழம் ஒட்டினது மாதிரி அகலமா இருப்பது, இதெல்லாம் பார்க்க நல்லா இல்லாததால் ஒதுக்கப்படுவது. ருசியில் குறை இல்லை. அளவும் அப்படித்தான், பெரிய பழம்தான் இனிக்கும் என்று எதுவும் கிடையாது. பெட்டியில் 25, 30, 36 என்று போட்டிருக்கும் எண் ஒரு தட்டில் எத்தனை பழம் அடங்கும் என்பது. எண் சின்னதானால் பழம் பெரிசு, அவ்வளவுதான்.

மஞ்சள் கிவி வேற கணக்கு. தோல் வழவழப்பு, ரோமம் இல்லை. சதை மஞ்சளாக மாறிய பிறகுதான் பறிப்பாங்க. புளிப்பு குறைவு. ஆனால் பச்சையைவிட மென்மை, சீக்கிரம் கனிந்துவிடும், பெட்டி பெட்டியா வாங்கிச் சேர்க்க ஏற்றதில்லை. கட்டைவிரல் அளவில் தோலோடு சாப்பிடும் கிவி பெர்ரி கிடைத்தால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிச்சிடுங்க.

உங்களை மாதிரி பெட்டியா வாங்கறவங்க எல்லாம் ஒரே பதத்தில் எடுக்காதீங்க. நாலு கனிந்தது, எட்டு கல்லு என்று எடுத்தால் வாரம் முழுக்க ஓடும்.

---

சத்துக்கணக்கு

உடல்நலம் பற்றிய கேள்விகளுக்கு.

100 கிராம் பச்சைக் கிவியில் சுமார் 61 கலோரி, வைட்டமின் சி 93 மி.கி., நார்ச்சத்து 3 கிராம், பொட்டாசியம் 310 மி.கி., வைட்டமின் கே 40 மைக்ரோகிராம். தோல் நீக்கிய நடுத்தரப் பழம் ஒன்று ஏறக்குறைய 70 கிராம் என்பதால், ஒரு பழத்தில் வைட்டமின் சி 65 மி.கி. கிடைக்கும். அமெரிக்கப் பரிந்துரைப்படி ஒரு நாளைய தேவை பெண்ணுக்கு 75, ஆணுக்கு 90 மி.கி. மஞ்சள் கிவியில் 100 கிராமுக்கு வைட்டமின் சி சுமார் 160 மி.கி., ஆனால் நார்ச்சத்து பச்சையில் பாதிதான். ஆக மலச்சிக்கலுக்காக வாங்குவதென்றால் பச்சையே சரி. ஊட்டச்சத்தில் மஞ்சள்தான் உயர்ந்தது என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

மலச்சிக்கலுக்கு நாளுக்கு 2 பழம். இது வாய்வழிச் செய்தி இல்லை. நியூசிலாந்து, இத்தாலி, ஜப்பான் மூன்று நாடுகளில் நடந்த ஆய்வில், தினமும் 2 பச்சைக் கிவியை 4 வாரம் கொடுத்து, மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் இசப்கோல் என்ற நார்ப்பொடி 7.5 கிராமுடன் ஒப்பிட்டார்கள். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு முழுமையாக மலம் கழிவது கிவியால் கூடியது, வயிற்று அசௌகரியமும் குறைந்தது. கிவியின் நார் தண்ணீரை இழுத்துப் பிடித்து உப்பும். மலம் இளகவும் பெருக்கவும் அதுவே முக்கியக் காரணம். அதனால் தண்ணீர் குடிக்காமல் பழத்தை மட்டும் சாப்பிட்டால் பலன் குறையும். முதல் நாளே பலன் எதிர்பார்க்க வேண்டாம், இரண்டு வாரமாவது விடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். வடிகட்டிய ஜூஸில் நார் போய்விடுவதால் அது இதற்கு உதவாது.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் என்றால் வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். இரண்டு கிவியில் 56 மைக்ரோகிராம் அளவுக்கு கே இருக்கிறது. கீரையோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான், இருந்தாலும் நேற்று வரை இல்லாத ஒன்றைத் தினமும் இரண்டு என்று தொடங்குவதும், ஒரு மாதம் கழித்துத் திடீரென்று நிறுத்துவதும் ஐ.என்.ஆர். அளவை (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை எண்) அசைக்கலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், அளவை மாற்றாமல் வையுங்கள், அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையை எப்போது எடுப்பது என்று கேளுங்கள். அபிக்சபன், ரிவரோக்சபன், டபிகாட்ரன் போன்றவற்றுக்கு வைட்டமின் கே சிக்கல் கிடையாது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளும் கே வழியாக வேலை செய்பவை அல்ல.

சிறுநீரகம் பழுதுபட்டு, பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. இரண்டு பழத்தில் 430 மி.கி. சேர்ந்துவிடும், தானாக முடிவெடுக்கக் கூடாது. கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்களும் தினசரி இரண்டு பழத்துக்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது, கிவியில் ஆக்சலேட் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் ஒரு பழத்தில் 10 கிராம் கார்போஹைட்ரேட் என்று கணக்கில் வைத்துக்கொண்டு சாப்பிடலாம். சர்க்கரையை ஏற்றும் வேகம் நடுத்தரத்துக்குக் கீழேதான்.

ஒவ்வாமை பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாக்கில் லேசாகக் குத்துவது எல்லாருக்கும் வரலாம். ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்களும் ஆக்டினிடின் என்ற நொதியும் அதற்குக் காரணம், காயில் அதிகம் தெரியும். ஆனால் உதடு வீங்குவது, தொண்டை அடைப்பது, உடம்பில் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் அது ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுபடி சாப்பிட்டுச் சோதிக்கக் கூடாது. ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பு வருபவர்களுக்குக் கிவியும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம். வாழை, அவகாடோவும் அதே வரிசையில் வரும். குழந்தைக்கு முதல்முறை என்றால் கனிந்த பழத்தில் கால் ஸ்பூன் கொடுத்து, அன்றைக்கு வேறு புது உணவு எதுவும் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயைச் சுற்றி மட்டும் சிவந்து அரை மணி நேரத்தில் மறைந்தால் பெரும்பாலும் புளிப்பு பட்டதால்தான்.

டெங்குக் காய்ச்சலில் கிவி தட்டணுக்களை ஏற்றும் என்று பரவுவதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. அந்தக் காய்ச்சலில் தட்டணுக்கள் இறங்கி, சில நாளில் தாமாகவே ஏறும். அந்த நேரத்தில் கிவி சாப்பிட்டவருக்குக் கிவியால் ஏறியது போலத் தெரியும். நோயாளிக்குப் பிடித்தால் கொடுங்கள், தடையில்லை. ஆனால் அதை நம்பி நீர்ச்சத்தைக் கவனிக்காமல் விடுவதும், வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு போன்ற அறிகுறிகள் வந்தும் வீட்டிலேயே வைத்திருப்பதும் உயிருக்கு ஆபத்து.

தூக்கத்துக்கு நல்லது என்பதற்கு 2011-இல் தைவானில் வெளிவந்த ஆய்வைக் காட்டுவார்கள். 24 பேர், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் 2 பழம், 4 வாரம். தூக்கம் மேம்பட்டது உண்மை, ஆனால் கிவி சாப்பிடாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை.

---

அடுக்களை

மில்க்‌ஷேக் கசப்புக்கு: மேலே சொன்ன அதே ஆக்டினிடின்தான் காரணம். அது புரதத்தை அரிக்கும் நொதி. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும்போது கசப்பான சிறு புரதத் துணுக்குகள் உண்டாகும். பால் கெடவில்லை, உடைபட்டிருக்கிறது. தயிர், ஐஸ்கிரீம், கஸ்டர்ட் எதோடு கலந்தாலும் இதே கதி.

வழி மூன்று. ஒன்று, அடித்த உடனே குடித்துவிடுவது, பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல். இரண்டு, மஞ்சள் கிவி போடுவது, அதில் இந்த நொதி மிகக் குறைவு. மூன்று, கிவியைத் துண்டாக்கி, மூடிய பாத்திரத்தில் சின்னத் தீயில் நன்றாகக் கொதி வரும் வரை 5 நிமிடம் வேகவிட்டு ஆற வைத்துச் சேர்ப்பது. சூட்டில் நொதி செத்துவிடும். ஆனால் பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும், வைட்டமின் சி-யும் கொஞ்சம் போகும். ஃப்ரீசரில் வைத்தால் நொதி போய்விடும் என்று நினைப்பது தவறு. உறைந்திருக்கும் வரை சும்மா இருக்கும், உருகியதும் பழைய வேலையைத் தொடங்கிவிடும்.

மிக்ஸியில் அடிக்கும்போது விட்டு விட்டு மூன்று நாலு சுற்று போதும். நிற்காமல் ஓட்டினால் கறுப்பு விதைகள் நொறுங்கி, அது தனியாக ஒரு காரக் கசப்பைச் சேர்க்கும். பலர் இரண்டு கசப்பையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள்.

ஜெலட்டின் ஜெல்லி கிவியோடு கெட்டிப்படவே படாது, ஜெலட்டினும் புரதம்தானே. கடற்பாசி எனப்படும் அகர் அகர் போட்டால் கச்சிதமாக நிற்கும், அது புரதம் இல்லை. இதே நொதியை நல்லதுக்கும் பயன்படுத்தலாம்: அரை கிலோ இறைச்சிக்கு அரைப் பழத்தை மசித்துத் தடவி 20 முதல் 30 நிமிடம் ஊற வைத்தால் மென்மையாகும். இரவு முழுக்க விட்டால் மேல்பாகம் கூழாகிவிடும்.

நிறைய கனிந்துவிட்டால் தோல் நீக்கி ஒரு செ.மீ. கனத்தில் வட்டமாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, கெட்டியானதும் காற்று வெளியேற்றிய பையில் மாற்றுங்கள். நேரடியாகப் பையில் போட்டால் ஒரே பாளமாகிவிடும். மூன்று மாதம் வரை ருசி நன்றாக இருக்கும். உருகினால் தொளதொளத்துவிடும் என்பதால் ஸ்மூத்திக்குத்தான் சரிப்படும்.

---

தேன்சிட்டு

எல்லோருக்கும் நன்றி. மாத்திரை அசினோகூமரால்தான், மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்கப் போகிறோம். இரண்டு சின்னக் கேள்வி: தோலோடு சாப்பிடலாமா? தோல் சீவும்போது சதை பாதி போய்விடுகிறதே, சுலபமான வழி உண்டா?

---

பழமுதிர்

தோல் சாப்பிடலாம், நார்ச்சத்து பாதி அளவு கூடும். ஓடும் தண்ணீரில் பிடித்து, சொரசொரப்பான துணியால் ரோமம் உதிரும் வரை தேய்க்கணும். மஞ்சளில் இந்த வேலை இல்லை. வாயில் புண் இருக்கறவங்களும் நாக்கு சீக்கிரம் அரிக்கறவங்களும் தோலைத் தவிர்த்துடுங்க. எதுவானாலும் கழுவுவது சாப்பிடும் முன் மட்டும். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பூஞ்சை தேடி வரும்.

சீவ வேண்டாம். இரண்டு முனையையும் அரை செ.மீ. நறுக்குங்க. காம்புப் பக்கம் வெள்ளையா கூம்பு மாதிரி ஒரு கட்டை உள்ளே நீட்டிக்கிட்டு இருக்கும், கத்தி முனையால் சுற்றித் திருகினால் முழுசா வந்துடும். பிறகு தோலுக்கும் சதைக்கும் நடுவே டீஸ்பூனைச் செருகி, வளைந்த முதுகு தோல் பக்கம் இருக்க, பழத்தைச் சுழற்றுங்க. சதை முழுசா வழுக்கிட்டு வெளியே வரும். காயில் இது நடக்காது.

---

கனிக்கூடை

மீதி எட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறதே, அதற்கு ஒரு கணக்கு. முதலில் சுருங்கினவற்றையும் காம்புப் பக்கம் ஈரமானவற்றையும் பிரித்துவிடுங்கள். நல்லதில் நாலை இன்றைக்கே ஆப்பிளோடு காகிதப் பையில் போடுங்கள். அவை தயாராகி, நாளுக்கு இரண்டு வீதம் சாப்பிடத் தொடங்கும் அன்றைக்கே அடுத்த நாலைப் பையில் போட்டால் பெரிதாக இடைவெளி விழாது. ஃபிரிட்ஜில் காத்திருப்பவற்றை ஓட்டை போட்ட பையில், ஆப்பிள், பேரிக்காய் இல்லாத தட்டில் வையுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் ஈரம் கட்டும், பையே இல்லாவிட்டால் ஃபிரிட்ஜின் காய்ந்த காற்றில் தோல் சுருங்கிவிடும்.